கத்திப்பாராவில் நின்ற சைக்கிள்

(கிண்டி தொழிற்பேட்டைத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



இன்று பேசப்போகிற விஷயம் சிலருக்குச் சின்னதாகப் படலாம். சம்பளம், போனஸ், வேலை நிரந்தரம் என்று பேச வேண்டிய மேடையில் சைக்கிளைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். ஆனால் வெளியே சுவரோரம் சாத்தி வைத்திருக்கிற சைக்கிள்களைப் பாருங்கள். உங்களில் பலர் அவற்றில்தான் வந்திருக்கிறீர்கள். தெரியாத ரோட்டில் அதை மிதித்துப் போகும்போது வயிற்றைக் கலக்குகிறதே, அந்தப் பயத்தைப் பற்றித்தான் பேசப்போகிறோம். அதை யாரும் வெளியே சொல்வதில்லை. நாமும் வெகுநாள் சொன்னதில்லை. இன்று சொல்கிறோம்.

கீழத்தஞ்சைக் கிராமங்களில் பத்து வருஷத்துக்கு மேல் சைக்கிள் மிதித்தோம். வாய்க்கால் கரை, வண்டிப் பாதை, அமாவாசை இருட்டு எதற்கும் அஞ்சியதில்லை. எந்த இடத்தில் மதகு, எந்தத் திருப்பத்தில் நாய் துரத்தும், எந்தப் பனைமரத்துக்கு அப்பால் பள்ளம் என்பதெல்லாம் காலுக்கே தெரியும். பிறகு கட்சி வேலையாகச் சென்னைக்கு வந்தோம். ஆலந்தூர்ப் பக்கம் ஓர் அறை. ஒரு நாள் மாலை இந்தத் தொழிற்பேட்டையில் வாயிற்கூட்டம். சைக்கிளை எடுத்துக்கொண்டு கத்திப்பாரா வரை வந்தோம். அதற்கு மேல் கால் நகரவில்லை. நாலா பக்கமும் லாரியும் பஸ்ஸும் காரும். எந்தப் பாதையில் புகுவது, எதில் புகுந்தால் எங்கே கொண்டுபோய் விடும், ஒன்றும் புரியவில்லை. கை நடுங்கியது. இருபது நிமிஷம் அப்படியே நின்றோம்.

வயதான ஒரு லேத் தொழிலாளி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“என்ன தம்பி, ஊருக்குப் புதுசா?”

“ஆமாண்ணே.”

“மேலே ஏறிடாதே. இறங்கித் தள்ளிக்கிட்டு என் பின்னாலே வா. பாலம் வந்த நாள்லேருந்து நானும் தள்ளிக்கிட்டுத்தான் போறேன்.”

அவர் பின்னால் போய்ச் சேர்ந்தபோது ஷிப்ட் விட்டுப் பாதிப் பேர் கலைந்துவிட்டார்கள். ஏன் தாமதம் என்று தோழர்கள் கேட்டார்கள். பஞ்சர் என்றோம். அது பொய். பயந்து நின்றேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கம்தான் தப்பு. தெரியாத இடத்தில் சைக்கிள்காரனுக்குப் பயம் ஏன் வருகிறது? கொஞ்சம் நிதானமாக யோசிப்போம். பழகிய ரோட்டில் பாதையைக் கால் பார்த்துக்கொள்ளும். கண்ணுக்கு வண்டிகளைப் பார்க்கிற வேலை ஒன்றுதான். புதிய ரோட்டில் கண்ணுக்கு ஒரே சமயத்தில் மூன்று வேலை. பெயர்ப் பலகையைப் பார்க்க வேண்டும், பள்ளத்தைப் பார்க்க வேண்டும், பின்னால் வருகிறவனையும் பார்க்க வேண்டும். பின்னால் பார்க்கத் திரும்பினால் ஹேண்டில் வளைகிறது. இது கோழைத்தனமா? இல்லை. அபாயத்தை உடம்பு சரியாகக் கணக்குப் போடுகிறது.

கத்திப்பாராவையே எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணா சாலை, ஜி.எஸ்.டி. ரோடு, பூந்தமல்லி ரோடு, நூறடி ரோடு என்று நாம் சொல்லும் உள்வட்டச் சாலை, நான்கும் கூடுகிற இடம் அது. 2008இல் அங்கே மேம்பாலம் திறந்தார்கள். நான்கு இதழ் இலையைப் போன்ற அமைப்பு. எந்த வண்டியும் நிற்காமல் போகலாம் என்பதே அதன் பெருமை. மோட்டாருக்கு அது வசதி. சைக்கிளுக்கு? சிக்னல் இருந்தால் சிவப்பு விளக்கில் வண்டிகள் நிற்கும், நாம் தாண்டலாம். நிற்காத போக்கில் இடைவெளி எங்கே கிடைக்கும்? ஒரு வளைவிலிருந்து இறங்குகிற வண்டியும், அடுத்த வளைவில் ஏறப் போகிற வண்டியும் குறுக்கே குறுக்கே மாறுகின்றன. நடுவில் நாம் மணிக்கு 12 கிலோமீட்டரில் மிதிக்கிறோம். அவர்கள் 50, 60இல் வருகிறார்கள். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் வலு நான்கு மடங்கு. பள்ளிக்கூடக் கணக்குத்தான் இது.

இத்தனைக்கும் கிண்டி யாருடைய இடம்? 1958இல் சர்க்கார் இங்கே தொழிற்பேட்டை அமைத்தது. அதற்கு இன்றைக்கு இருக்கிற பெயர் திரு.வி.க. தொழிற்பேட்டை. 1918இல் பி.பி. வாடியாவோடு நின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தை வளர்த்த திரு.வி.க.வின் பெயர்! பக்கத்திலேயே குதிரைப் பந்தயத்துக்கு 160 ஏக்கருக்கு மேல் நிலம் பல பத்தாண்டுகள் இருந்தது. குதிரை பத்திரமாக ஓட வேலி கட்டிய பாதை இருந்தது. தொழிலாளி சைக்கிள் மிதிக்க இரண்டு முழ அகலம் ஒதுக்க இடமில்லை என்கிறார்கள்.

இந்தப் பயத்துக்கு விலையும் இருக்கிறது. செங்கற்பட்டுப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஒரு விவசாயத் தொழிலாளித் தோழர், மூன்றாம் நாளே சைக்கிளை விற்றுவிட்டார். ஷேர் ஆட்டோவுக்குத் தினம் 60 ரூபாய். மாதம் 26 நாளுக்குக் கணக்குப் போடுங்கள். 1,560 ரூபாய்! சம்பள உயர்வு கேட்டு வாங்கியதில் ஒரு பங்கு ரோட்டிலேயே போகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கிற தோழர்களின் பாடு இன்னும் மோசம். பலகையில் தமிழும் இங்கிலீஷும் இருக்கின்றன. அவர்களில் பலருக்கு இரண்டும் வாசிக்கத் தெரியாது.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. புதுக்கோட்டையைப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். கல் குவாரியில் உழைத்த பெண்கள், வயலில் நடவு நட்ட பெண்கள், ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் சைக்கிள் பழகினார்கள். ஊர் கேலி பேசியது. விழுந்து எழுந்தார்கள். பெண்கள் சைக்கிள் போதவில்லை. ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். நடுவில் இருக்கிற பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பினவர்களும் உண்டு. தனியாக ஒருத்தி ஓட்டியிருந்தால் கேலியிலேயே ஒடுங்கியிருப்பாள். கூட்டமாக ஓட்டினார்கள், கேலி ஒடுங்கியது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மனத்தின் பயத்தை அவர்கள் கூடி நின்று போக்கினார்கள். லாரியின் வேகத்தைத் தைரியத்தால் மட்டும் போக்க முடியாது. அதற்கு ரோடு மாற வேண்டும். ஹாலந்து தேசத்தில் 1971ஆம் ஆண்டில் மட்டும் ரோட்டு விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் செத்தார்கள். அதில் 400க்கும் மேல் குழந்தைகள். தாய் தகப்பன்மார் தெருவில் இறங்கினார்கள். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்று இயக்கம் நடத்தினார்கள். சைக்கிளுக்குத் தனிப் பாதைகள் வந்தன. மாறாக, நம் நாட்டில் கல்கத்தாவில் 2013இல் 174 ரோடுகளில் சைக்கிளுக்குத் தடை போட்டார்கள். பால்காரனும் பேப்பர் போடுகிறவனும் குற்றவாளியானான். சென்னை மாநகராட்சியும் 2014இல் நடப்பவர்க்கும் சைக்கிள்காரர்க்கும் முன்னுரிமை என்று கொள்கை அறிவித்தது. காகிதத்தில் இருக்கிற அந்தக் கொள்கையைக் கிண்டி ரோட்டில் இறக்க வைப்பது யார்? நாம்தான்.

ஆகவே தோழர்களே, செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, புதிதாக வேலைக்கு வருகிற எந்தத் தொழிலாளியையும் தனியாக ரோட்டில் விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டி குறைந்த நேரத்தில், அறையிலிருந்து கேட் வரை கூடவே போய்க் காட்டுங்கள். எங்கே இறங்கித் தள்ளுவது, எந்தக் கடையோரம் திரும்புவது என்று அடையாளம் சொல்லுங்கள். பலகை வாசிக்காதவனுக்கும் டீக்கடை அடையாளம் புரியும்.

இரண்டாவது, இரவு ஷிப்ட் விட்டால் நாலைந்து பேராகச் சேர்ந்து போங்கள். பின்னால் சிவப்பு விளக்கு, நல்ல பிரேக், இவற்றில் கஞ்சத்தனம் வேண்டாம். தாண்ட முடியாத இடத்தில் இறங்கித் தள்ளுவது அவமானம் இல்லை.

மூன்றாவது, சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் இதையும் எழுதுங்கள். கேட்டில் சைக்கிள் ஷெட், தொழிற்பேட்டைத் தெருக்களில் எரிகிற விளக்கு, நூறடி ரோட்டில் சைக்கிளுக்கு ஒதுக்கிய பாதை, தாண்டும் இடத்தில் சிக்னல். ஷிப்ட் விடும் நேரத்தில் கத்திப்பாராவில் ஒரு மணி நேரம் நின்று, எத்தனை சைக்கிள் போகிறது என்று நாமே எண்ணி எழுதுவோம். அந்தக் கணக்கோடு மனுக் கொடுப்போம். பதில் வராவிட்டால் சைக்கிளோடு ஊர்வலம் போவோம்.

அன்று நம்மை அழைத்துப் போன அந்தப் பெரியவரின் பெயரைக்கூடக் கேட்க மறந்தோம். அதற்கப்புறம் எத்தனையோ முறை அதே இடத்தில் புதிய முகங்கள் சைக்கிளோடு திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் இறங்கி, “புதுசா தம்பி? பின்னாலே வா” என்று சொல்லியிருக்கிறோம். நாளைக் காலையில் நீங்களும் அங்கே யாரையாவது பார்ப்பீர்கள். மணியடித்துவிட்டுப் போய்விடாதீர்கள். இறங்குங்கள்.