மன இறுக்கமும் எழுதுகோலும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



துன்பம் மிகுந்தால்தான் கவிதை பிறக்கும் என்னும் நம்பிக்கை நம்மிடையே வேரூன்றி நிற்கிறது. அதனால் உறக்கத்தையும் உடலையும் கெடுத்துக்கொள்வோரும் உண்டு. ஆகவேதான் இப்பொருளைத் தேர்ந்தேன்.

முதலில் சொல். ‘மன அழுத்தம்’ என்னும் ஒரே தொடரை இருவேறு நிலைகளுக்கு வழங்கி வருகிறோம். நெருக்கடி வரும்போது உடலும் உள்ளமும் முறுக்கேறுவது ஒன்று. வெளிப்படையான காரணம் இன்றியும் வாரக்கணக்கில் நீடிக்கக்கூடிய மனச்சோர்வு நோய் மற்றொன்று. முன்னதையே மன இறுக்கம் என்கிறேன். இரண்டையும் குழப்பி, மருத்துவரிடம் செல்ல வேண்டியவரை மூச்சுப்பயிற்சி செய்யுமாறு அனுப்பிவிடுவது பெருங்கேடு. சொல்லைச் செப்பமாக ஆளும் பொறுப்பு நமக்கன்றி வேறெவர்க்கு?

உள்ளத்து உணர்வு உடலில் தோன்றும் என்பது நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் எனத் தனி இயலே வகுத்தார். உள்ளே நிகழ்வதை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் 1915இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அச்சம் தோன்றியதும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, தசைகளுக்குக் குருதி பாய்கிறது, செரிமானம் ஒடுங்குகிறது. போரிடவோ ஓடவோ உடல் ஆயத்தமாகிறது. கனடாவின் மாண்ட்ரீலில் ஹான்ஸ் செலி எலிகளைக் குளிர், நஞ்சு எனப் பல துன்பங்களுக்கு உட்படுத்தினார். துன்பம் எதுவாயினும் அட்ரினல் சுரப்பி பருத்தது; இரைப்பையில் புண் தோன்றியது. 1936இல் இதனை அவர் வெளியிட்டார். (மனிதரின் குடற்புண்ணுக்கெல்லாம் கவலையே காரணம் என்று இதைக்கொண்டு முடிவுகட்டலாகாது. பெரும்பாலானவை ஒரு நுண்ணுயிரியாலும் வலிநீக்கி மாத்திரைகளாலும் வருவன.)

நம் சிக்கல் யாதெனில், பாம்பைக் கண்ட அச்சம் பாம்பு அகன்றதும் தணியும், வட்டிக்கடன் அகல்வதில்லை. நினைக்குந்தோறும் உடல் மீண்டும் போருக்கு எழுகிறது.

தணிக்கும் வழிகள் அறிந்தவையே: மூச்சை மெல்ல, நீள வெளியிடுதல், நாள்தோறும் நடத்தல், நேரத்தே உறங்குதல். தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் முறையை எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்தளித்தார்.

நமக்கு நெருக்கமான வழி ஒன்று உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தம்மை வருத்திய நிகழ்ச்சியை எழுதினர். நிகழ்ச்சியையும் அதுபற்றிய உணர்ச்சியையும் சேர்த்து எழுதியோர், பின்வந்த மாதங்களில் மருத்துவ நிலையத்தை நாடியது குறைந்தது. எழுதிய உடனே அவர்கள் கலங்கவே செய்தனர் என்பதையும் மறைக்கலாகாது. பிற்கால ஆய்வுகள் பயன் சிறிதே, எல்லார்க்கும் இல்லை என்றன.

அங்கே எதுகை இல்லை, வாசகர் இல்லை, அச்சேற்றும் எண்ணமும் இல்லை. கவிதை வேறு. அது ஓசையையும் கேட்போரையும் நாடுவது. ஆறுதல் வேண்டின் தனித்தாளில் எழுதிக் கிழித்தெறியுங்கள். கவிதையை மருந்தாக்கி, நோய் தீரவில்லையே என்று அதன்மேல் பழி சுமத்தாதீர்கள். எழுத எழுத அதே குமுறல் சுழன்று வருமாயின் எழுதுகோலைக் கீழே வைப்பதே நன்று. துயரமும் உறக்கமின்மையும் இரு வாரம் கடந்தும் நீங்காவிடில் மருத்துவரைக் காணல் வேண்டும். உயிரை வெறுக்கும் எண்ணம் எழுந்தால் அன்றே காணல் வேண்டும்.

தவறாது வந்த உறுப்பினர் ஒருவர் சில மாதமாகக் கூட்டத்துக்கு வரவில்லையெனில், மலருக்குக் கவிதை கேட்டுக் கடிதம் விடுப்பதோடு நில்லாமல், இருவர் நேரில் சென்று பார்த்துவர வேண்டுமென இவ்வவையைக் கேட்டுக்கொள்கிறேன்.