உப்பு இலையோரத்திலா, குழம்பிலா?



சுற்றுச்சூழல் கல்வியைத் தனிப் பாடமாக வைக்க வேண்டும் என்று எதிரணித் தலைவர் முழங்கினார். எல்லாப் பாடத்திலும் கலந்து வைக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி.

தனிப் பாடமா வச்சா என்னங்க நடக்குது? ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பா கடைக்கு ஓடுறார். எதுக்கு? தெர்மாகோல் வாங்க. பிள்ளைக்கு நாளைக்குப் ப்ராஜெக்ட். என்ன தலைப்பு? 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்!' (சிரிப்பு, கைதட்டல்)

"1991-லேயே உச்ச நீதிமன்றம் கட்டாயப் பாடமாக்கச் சொன்னதே" என்று கேட்டார்கள். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கு அது. தீர்ப்பைத் தலைவணங்கி ஏற்கிறோம். கட்டாயமா இருக்கணும். சமையலுக்கு உப்பும் கட்டாயம்தான். அதுக்காகக் குழம்பை உப்பில்லாம வச்சிட்டு, இலையோரத்துல ஒரு கை உப்பு வச்சா சாப்பிட முடியுமா ஐயா? (கைதட்டல்)

கணக்குப் பாடத்தை எடுங்கள். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். சென்னையில் வருடத்துக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை. அப்படியானால் 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் எவ்வளவு விழும்? 1,40,000 லிட்டர்! 12,000 லிட்டர் லாரியில் பிடித்தால் பதினொரு லாரி நிரம்பி, மிச்சமும் இருக்கும்.

இந்தக் கணக்கைப் போட்ட பையன் சாயங்காலம் வந்து, "அப்பா, நம்ம மாடித் தண்ணி எங்கப்பா போகுது?"ன்னு கேட்பான். அப்பா திருதிருன்னு முழிப்பார். 2003-லேயே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. குழாய் இருக்கும், உள்ளே மண் அடைச்சிருக்கும்! 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜனங்க குடத்தோடு தெருவில் நின்றதை மறக்க முடியுமா?

தமிழ்ப் பாடத்துக்கு வாருங்கள். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்கிறோமே, தாங்கல் என்றால் நீர்நிலை. பேரில் ஏரி இருக்கிற ஊரில், ஏரி எங்கே என்று பிள்ளை தேட வேண்டாமா?

"எல்லா வாத்தியாரும் பார்த்துக்கணும்னா ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க" என்றார் எதிரணித் தோழி. நியாயமான பயம். அதனாலதான் சொல்கிறோம்: ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். ஒவ்வொரு பாடத்தின் வினாத்தாளிலும் இதற்கென்று ஒரு கேள்வி வையுங்கள். மார்க் உண்டுன்னா வாத்தியார் விட மாட்டார். வாத்தியார் விட்டாலும் நம்ம வீட்டு அம்மா விட மாட்டாங்க! (பலத்த சிரிப்பு)

நீடித்த வளர்ச்சி என்று பெரிய பேரில் சொல்கிறோம். நம்ம பேரப் பிள்ளைக்கும் கிணற்றில் தண்ணீர் இருக்கணும், அவ்வளவுதான். அந்த அக்கறை ஒரு பீரியடோடு மணியடித்து முடியக் கூடாது. ஆகவே, எல்லாப் பாடத்திலும் கலந்திருப்பதே நலம் என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.