எகிப்தில் கிடைத்த உறிப்பானை

(நம் சங்கத்தின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கியில் கிளார்க்காக இருந்தவனுக்கு எகிப்தைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான், நான் படித்தது பி.காம். ஆனால் ஒரு தப்பு செய்துவிட்டேன். அதைச் சரிசெய்யத்தான் வந்திருக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் நம் வாட்ஸ்அப் குழுவில் "பிரமிடுகளைக் கட்டியவர்கள் தமிழர்களே" என்று ஒரு செய்தி வந்தது, ஞாபகம் இருக்கிறதா? அனுப்பியவன் நான்தான். பலரும் கைதட்டினீர்கள். என் பேத்தி அதை அப்படியே பள்ளி ப்ராஜெக்ட்டில் எழுதிவிட்டாள். ஆசிரியை சிவப்பு மையால் "ஆதாரம்?" என்று ஒரே வார்த்தை எழுதி அனுப்பினார். "ஆதாரம் என்ன தாத்தா?" என்று குழந்தை கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய்கூடப் பதியாதவன் நான்!

அதன் பிறகுதான் புத்தகங்களைத் தேடிப் படித்தேன்.

முதலில் பிரமிடு. கிசாவில் உள்ள பெரிய பிரமிடு கூஃபு என்ற மன்னனுக்காகக் கட்டப்பட்டது. சுமார் 4,500 ஆண்டுகள் ஆகின்றன. கட்டியவர்கள் யார்? 2013ல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் பாப்பிரஸ் ஏடுகள் கிடைத்தன. மெரெர் என்ற அதிகாரி எழுதிய நாட்குறிப்பு அவற்றில் இருக்கிறது. தன் ஆட்களோடு தூரா சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றி கிசாவுக்குக் கொண்டுபோனதை நாள்வாரியாக எழுதியிருக்கிறார். நம் வங்கி டே புக் மாதிரியே! அங்கே கட்டியவர்கள் எகிப்தியர்களே. வவுச்சர் இருக்கிறது.

அப்படியானால் நமக்கும் எகிப்துக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. அது வேறு கணக்கில் வருகிறது.

66 ஆண்டுகள் ஆண்ட இரண்டாம் ராம்செஸ் கி.மு. 1213 வாக்கில் இறந்தார். அவர் உடலைப் பதப்படுத்தியவர்கள் மூக்கில் மிளகு வைத்திருந்தார்கள். மிளகு விளைந்தது நம் தென்னிந்திய மலைகளில். எத்தனை கை மாறி அங்கே போயிற்றோ!

கி.மு. 30ல் கிளியோபாட்ரா இறந்ததும் எகிப்து ரோமின் கைக்குப் போனது. நாம் கிளியோபாட்ராவையும் பிரமிடையும் ஒரே படத்தில் பார்க்கிறோம். உண்மையில் பெரிய பிரமிடு கட்டி 2,500 ஆண்டுகள் கழித்து வந்தவர் அவர். அந்த ரோமானியர் காலத்தில்தான் நம் வியாபாரம் சூடு பிடித்தது. செங்கடலின் மியோஸ் ஹார்மோஸ் துறைமுகத்திலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் போவதாக ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். மற்றொரு துறைமுகமான பெரெனிகேயில் ஒரு கோவில் முற்றத்தில், இந்தியாவில் செய்த பெரிய ஜாடியில், ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது.

இனி என் தொழில் சம்பந்தப்பட்டது. வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் ஒரு பாப்பிரஸ் இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டு, கிரேக்க மொழி. என்ன தெரியுமா? கடன் பத்திரம்! சேர நாட்டு முசிறிக்குப் போய்வரும் வியாபாரத்துக்கு வாங்கிய கடன். சரக்கை நம்பகமான ஒட்டகக்காரரிடம் ஒப்படைத்து, காவலோடு பாலைவனம் தாண்டி, நைல் நதி வழியாக அலெக்சாண்டிரியாவுக்கு அனுப்புவேன். கிடங்கில் கடன் கொடுத்தவரின் முத்திரையோடு வைப்பேன். தவணைக்குள் கட்டாவிட்டால் அவர் ஈட்டுச் சரக்கை எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. நம் வங்கியில் நாங்கள் கையெழுத்து வாங்கிய பத்திரத்தில் இதைவிட வேறென்ன இருந்தது?

பின்பக்கத்தில் ஹெர்மாபோலன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு இருக்கிறது. தந்தம், கங்கைக்கரை வாசனைப் பொருள். நான்கில் ஒரு பங்கு சுங்க வரி போக, மதிப்பு ஏறக்குறைய 70 லட்சம் செஸ்டெர்ஸ் நாணயம்.

கடைசியாக, என் மனதைத் தொட்டது. அதே மியோஸ் ஹார்மோஸில், இன்றைய குசேர் அல்-கதீமில், ஓர் உடைந்த பானை கிடைத்தது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் இரண்டு பக்கமும் தமிழ் பிராமி எழுத்து. நம் ஐராவதம் மகாதேவன் அதைப் படித்து, "பானை ஒறி", அதாவது உறியில் தொங்கவிடும் பானை என்றார். பூனைக்கு எட்டாமல் பாட்டி உறியில் மோர்ப் பானை தொங்கவிட்டதை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். அதே உறிதான். கணன், சாதன் என்ற பெயர்கள் கீறிய ஓடுகளும் அங்கே கிடைத்துள்ளன.

நம்மவர் அங்கே மன்னராகப் போகவில்லை. பிழைப்புக்குப் போனார்கள், பானையில் தமிழில் எழுதி வைத்தார்கள். எனக்கு இந்தப் பெருமை போதும். பொய்யை இதோடு சேர்த்தால், நாளை யாராவது உண்மையையும் சேர்த்தே தள்ளிவிடுவார்கள். ஒரு வவுச்சர் போலி என்றால் ஆடிட்டர் மொத்த லெட்ஜரையும் சந்தேகப்படுவார்.

அதனால் ஒரு வேண்டுகோள். எதை ஃபார்வர்டு செய்யுமுன்னும் அந்த ஆசிரியையின் ஒரு வார்த்தையை நினைத்துக்கொள்ளுங்கள். விடுமுறையில் குழந்தைகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். தமிழ்நாட்டு மண்ணில் கிடைத்த ரோமானிய நாணயங்கள் அங்கே இருக்கின்றன. வடபழனியில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் எழும்பூரில் இறங்கலாம்.

பேத்தி ப்ராஜெக்ட்டைத் திருத்தி எழுதினாள். பிரமிடு படத்தை எடுத்துவிட்டு உறிப்பானை வரைந்தாள். அதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டால் சொல்ல அவளிடம் பதில் இருக்கிறது.