பார்த்தாலே தீட்டு

நெல்லைச் சீமையில் புதிரை வண்ணாரைக் கண்ணால் பார்த்தாலே தீட்டு என்று இருந்தது. பகலில் அவர்கள் வெளியே வர விடவில்லை. 1932-ல் 'தி இந்து' நாளேடே எழுதியது.

சரி, பார்வைன்னா என்ன? ஆள்மேல் பட்ட வெளிச்சம் நம் விழித்திரையில் விழுகிறது. அங்கே அது நரம்புத் துடிப்பாக மாறுகிறது. வெளிச்சம் கூடக்குறைய, துடிப்பின் வேகம் மாறும். எதிரே நிற்பவரின் சாதியை உணர அங்கே ஒரு செல்லும் கிடையாது. அதை மூளைக்குச் சொல்லிக்கொடுத்தது ஊர்.

நடுநிசிக்கும் விடியலுக்கும் இடையில் அவர்கள் துவைத்தது யார் துணி? நம்ம தெருத் துணி. இதையும் பேசணும். மங்கலில் வேலை செய்வது சுமார் 12 கோடி குச்சி செல்கள். அவற்றுக்கு நிறம் தெரியாது, சிவப்பும் கறுப்புதான். பிள்ளை பெற்ற வீட்டுத் துணியில் இரத்தக்கறை போயிருச்சான்னு அந்த அம்மாமார் எதை வைத்துப் பார்த்திருப்பார்கள்?