கல்லூரி ஓட்டப் பந்தயங்களில் இறுதித் தளர்ச்சி

(நமது சங்கத்தின் மாணவர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



யான் வைத்தியனுமல்லேன், ஓட்டக்காரனுமல்லேன். கண்ணாரக் கண்ட ஒரு நிகழ்ச்சியையும், அதன்பின் நூல்களைக் கற்றும் அறிந்தோரை வினவியும் தெரிந்துகொண்டவற்றையுமே உங்கள் முன் வைக்கத் துணிந்தேன். குற்றம் காணின் பொறுத்தருளுமாறு வேண்டுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவிலுள்ள என் மகள் இல்லத்திற்குச் சென்று சில மாதங்கள் தங்கியிருந்தேன். அங்கே செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள், அயல்வீட்டார் அழைப்பிற்கிணங்கி, கல்லூரிப் பெண்களின் ஓட்டப் பந்தயமொன்றைக் காணப் போயினோம். கோடை முற்றும் நீங்காத காலமாதலின் காலையிலேயே வெயில் கடுமையாயிருந்தது. முன்னணியில் வந்துகொண்டிருந்த ஒரு பெண், முடிவெல்லைக்கு இருநூறு கஜ தூரத்தில் கள்ளுண்டவர்போல் தள்ளாடினாள், பாதையை விட்டு விலகினாள், வீழ்ந்தாள். கயிற்றின் இருமருங்கும் நின்ற நாங்கள் அனைவரும், "எழுந்திரு! எழுந்திரு! இன்னும் கொஞ்ச தூரந்தான்!" என்று கூவினோம். அவளுக்குத் தமிழ் தெரியாதென்பதையும் மறந்து யானும் தமிழிலேயே கூவினேன். எழுந்தாள், மீண்டும் வீழ்ந்தாள். மூன்றாம் முறை எழுந்தபோது, வந்த திசையை நோக்கியே திரும்பி ஓடத் தலைப்பட்டாள். அப்பொழுதுதான் உடற்காப்புப் பணியிலிருந்த மாதொருத்தி விரைந்தோடி வந்து அவளைத் தாங்கி, பனிக்கட்டி நீர் நிறைந்த தொட்டியில் கழுத்தளவு அமிழ்த்தினாள். அரைமணி நேரத்திற்குள் அப்பெண் தெளிவடைந்து தன் தாயை அழைத்தாள். பின்னர் அம்மாது எங்களை நோக்கி, "அவள் முதல் முறை வீழ்ந்தபோதே நீங்கள் என்னைக் கூவி அழைத்திருக்கலாகாதா?" என்று கேட்டாள். எங்களில் ஒருவரும் விடை கூறவில்லை.

அன்பர்களே! அக்கேள்விக்கு விடை தேடிய முயற்சியே இன்றைய என் பேச்சு.

முதற்கண் இவ்விளையாட்டின் இயல்பைச் சுருங்கச் சொல்கிறேன். கிராஸ் கன்ட்ரி என்று வழங்கும் இவ்வோட்டம், வட்டமான மைதானத்திலன்றிப் புல்வெளி, மேடு, பள்ளம், சேறு ஆகியவற்றின் ஊடே நிகழ்வது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகள், காகிதத் துண்டுகளைச் சிந்திக்கொண்டு முன்னே ஓடுவோரை முயல்களென்றும், அவர்களைத் தேடித் துரத்துவோரை வேட்டை நாய்களென்றும் பெயரிட்டு ஆடிய விளையாட்டிலிருந்து இது வளர்ந்தது. அமெரிக்கக் கல்லூரிகளின் பொது அமைப்பாகிய நேஷனல் காலேஜியேட் அத்லெட்டிக் அஸோஸியேஷன், ஆடவர்க்குத் தேசியப் பந்தயத்தை 1938ஆம் ஆண்டிலும், பெண்டிர்க்கு 1981ஆம் ஆண்டிலும் தொடங்கிற்று.

இது தனியொருவர் ஓட்டம்போல் தோன்றினும் உண்மையில் குழுவின் ஓட்டமாகும். ஒரு குழுவில் ஏழுபேர் ஓடுவர். முதலில் வரும் ஐவருடைய இடங்களைக் கூட்டிப் பார்ப்பர். கூட்டுத்தொகை குறைந்த குழுவே வெல்லும். முதல் ஐந்து இடங்களையும் ஒரே குழு பெறுமாயின் அதன் தொகை 15. அதனினும் சிறந்த வெற்றி இல்லை. நூற்றுக்கணக்கானோர் நெருங்கி ஓடுமிடத்தில், கடைசி அரை மைலில் ஒருவர் சில விநாடிகள் தாமதித்தாலும் பத்து இருபதுபேர் அவரைக் கடந்து விடுவர். இச்சுமை மனத்தில் இருத்தலால், உடல் "நில்" என்று சொல்லும்போதும் இளைஞர் நிற்பதில்லை.

இனி, இறுதியில் தளர்தல் ஏன் நிகழ்கிறது என்பதைப் பார்ப்போம். காரணங்கள் பல, அவற்றுள் முக்கியமானவை மூன்று.

முதலாவது, தொடக்க வேகம். பந்தயம் தொடங்குமிடம் அகன்றும், சிறிது தூரத்திற்கப்பால் பாதை குறுகியும் இருத்தலின், நெரிசலுக்கு முன்னே இடம் பிடிக்க வேண்டுமென்று எல்லோரும் ஆரம்பத்திலேயே விரைகின்றனர். நெடுந்தூர மாரத்தான் ஓட்டத்தில் தசைகளிற் சேமித்த சர்க்கரைச் சத்துத் தீர்ந்துபோவதால் தளர்ச்சி வருவதுண்டு. ஆனால் இவ்வோட்டம் ஆடவர்க்குச் சுமார் அரைமணி, பெண்டிர்க்குச் சுமார் இருபது நிமிஷமே நிகழ்வதாதலின், அச்சேமிப்பு அதற்குள் தீர்ந்துவிடுவதில்லை. பிராணவாயு ஈடுகொடுக்க இயலாத வேகத்தில் முதலில் ஓடியவர், தசைகளில் அமிலத்தன்மை மிகப்பெற்று, பின்னர் காலை எடுத்துவைக்கவும் இயலாதவராகிறார். அகலக்கால் வைத்த வியாபாரியின் கதையே இது. கடை மூடப்படும் நாள் ஆண்டுக் கடைசியில் வந்தாலும், நஷ்டம் உண்டானது முதல் மாதத்தில் அல்லவா?

இரண்டாவது, உஷ்ணம். ஓடுபவர் தசைகள் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு வெப்பமாகவே வெளிப்படுகிறது. அவ்வெப்பத்தை வியர்வையாலும் தோலுக்குப் பாயும் இரத்தத்தாலும் வெளியேற்ற வேண்டும். தசைகளும் இரத்தம் வேண்டுகின்றன, தோலும் வேண்டுகிறது. வெயிலும் காற்றின் ஈரமும் மிகுந்த நாளில் இருவர்க்கும் ஈய இயலாது இதயம் திகைக்கிறது. உட்சூடு 104 டிகிரியைக் கடந்து, புத்தியும் தடுமாறுமாயின், அதுவே உழைப்பினால் வரும் வெப்பத்தாக்கு. உயிரைக் கொள்ளும் தன்மையது.

1924ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்தில் நடந்ததை இதற்குச் சான்றாகக் கூறலாம். அன்று கடும் வெயில். கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் புறப்பட்டோர் 38 பேர். முடித்தோர் 15 பேர் மட்டுமே. உலகில் அக்காலத்துச் சிறந்த வீரர் பலர் வழியிலும் எல்லையருகிலும் வீழ்ந்தனர். பின்லாந்து நாட்டுப் பாவோ நூர்மி மட்டும் ஏதும் நேராதவர்போல் முதலில் வந்து சேர்ந்தார். அதன்பின் ஒலிம்பிக் பந்தயங்களிலிருந்து அவ்வோட்டமே நீக்கப்பட்டது. வீழ்ந்தவர் யாவரும் கோழைகளென்று கூற எவர்க்கேனும் நாவெழுமோ?

மூன்றாவது காரணம் பந்தய நாளில் தோன்றுவதன்று. பல மாதங்களாக மறைவிலே வளர்வது. தாய்மார்கள் இதனைக் கூர்ந்து கேட்க வேண்டுகிறேன். மெலிந்த உடலே விரைந்தோடும் என்னும் எண்ணத்தால் இளம்பெண்கள் பலர் உழைப்பிற்கேற்ற உணவைக் கொள்ளாது விடுகின்றனர். இதனால் மாதவிடாய் நிற்கிறது. எலும்பு நலிந்து கீறல் காண்கிறது. இறுதி மைலில் வலிமை இன்றிப் போகிறது. 2014ஆம் ஆண்டில் சர்வதேச ஒலிம்பிக் குழு இக்குறைக்குத் தனிப்பெயர் கொடுத்து, இஃது ஆடவரையும் பற்றுமென்று எச்சரித்தது. இரும்புச்சத்துக் குறைவும் இத்தகையதே. பயிற்சியில் நன்றாயோடும் பிள்ளை பந்தயந்தோறும் பிற்பாதியில் தளர்வாளாயின், "மனவுறுதி போதாது" என்று கடிந்துகொள்ளுமுன் இரத்தப் பரிசோதனை செய்விப்பது பெற்றோர் கடமை. வயிற்றிலும் இரத்தத்திலும் உள்ள குறையை உபதேசத்தால் தீர்க்க முடியாது.

இனி, வீழ்ந்தவரைக் கண்டால் அருகிலுள்ளோர் செய்யத்தக்கது யாது? எல்லா வீழ்ச்சியும் ஒன்றல்ல. மூவகையாகப் பிரித்துணர்தல் நலம்.

எல்லைக்கோட்டைக் கடந்து நின்றவுடன் வீழ்பவர் ஒருவகையினர். ஓடுங்கால் கெண்டைக்கால் தசைகள் இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கின்றன. திடீரென நின்றவுடன் இரத்தம் கால்களிலேயே தேங்க, தலைக்குச் செல்லுவது குறைந்து மயக்கம் வருகிறது. இவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்திவைத்தால் பெரும்பாலும் சில நிமிஷங்களில் தெளிவர்.

எல்லையை அடையுமுன்பே தள்ளாடி, திசை தெரியாமல், கேட்டதற்கு மாறாக விடை கூறி வீழ்பவர் இரண்டாம் வகையினர். இவரே பெரிதும் அஞ்சத்தக்கவர். உட்சூட்டை உடனே அளக்க வேண்டும். நெற்றியிலும் வாயிலும் அளப்பது ஏமாற்றும். குதத்தின் வழியாக அளப்பதே நம்பத்தக்கது. வெப்பத்தாக்கு எனத் தெளிந்தால், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் அவ்விடத்திலேயே பனிநீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குளிர்விக்க வேண்டும். தொட்டியில்லாத இடத்தில் குளிர்ந்த நீரை இடைவிடாது உடல் முழுவதும் கொட்டுக. முதல் அரைமணி நேரமே உயிரைக் காக்கும் நேரம். அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்துப் பால்மத் என்னும் ஊரில் ஆகஸ்டு மாதந்தோறும் நிகழும் ஏழு மைல் ஓட்டத்தில், 18 ஆண்டுகளில் வெப்பத்தாக்குற்ற 274 பேர் இம்முறையால் சிகிச்சை பெற்றனர் என்றும், அத்தனைபேரும் பிழைத்தனர் என்றும் ஆய்வொன்று பதிந்துள்ளது. புத்தி தெளியாதவர் வாயில் நீரைப் புகட்டலாகாது என்பதையும் மறவாதீர்கள்.

தள்ளாட்டம் ஏதுமின்றி ஓடிக்கொண்டிருக்கையிலேயே மரம் சாய்ந்தாற்போல் வீழ்பவர் மூன்றாம் வகையினர். இங்கே இதயம் நின்றதோ என்று முதலில் ஐயுற வேண்டும். அழைத்தும் விழிக்காமல், மூச்சும் ஒழுங்காயில்லாவிடின், உடனே மார்பை அழுத்தத் தொடங்கி, இதயத்துடிப்பை மீட்கும் மின்கருவியைக் கொண்டுவரச் செய்க.

இம்மூன்றனுள் எதற்கும் "எழுந்திரு" என்னும் கூக்குரல் மருந்தன்று. வெப்பத்தாக்குற்றவரை எழுப்பி ஓடச் செய்வது எரிகிற வீட்டில் நெய்யூற்றுவதாகும். வீழ்ந்தும் எழுந்தோடுபவரைக் கண்டு கண்ணீர் மல்கிப் புகழ்கிறோம். அப்புகழ்ச்சியைக் கேட்டு வளரும் பிள்ளை, நிற்பது பாவமென்று கருதிக்கொள்கிறது. அதன் பழி நம்மையும் சாரும்.

ஈண்டு ஒன்றைச் சிந்திக்க வேண்டுகிறேன். ஏழுபேர் ஓட ஐவரை மட்டும் எண்ணுவது ஏன்? ஆறாமவரும் ஏழாமவரும் பிறகுழுவினரைப் பின்னே தள்ளுவதற்கு மட்டுமல்லர்; ஐவருள் ஒருவர் வீழ்ந்தால் அவ்விடத்தை நிரப்புதற்கும் உரியவர். ஆகவே, வீழ்ச்சி நேரக்கூடும் என்பதை விளையாட்டின் விதியே எதிர்பார்த்து இடம் வைத்திருக்கிறது. விதி வைத்த இடத்தை நாம் ஏன் மறுக்க வேண்டும்? "என்னால் இயலவில்லை" என்று ஒரு பிள்ளை நின்றால், அதனால் குழு அழியாது, குடும்பமும் அழியாது.

நின்றவர்க்கும் தளர்ந்தவர்க்கும் எதிர்காலம் இல்லையோ எனின், உண்டு. 2009ஆம் ஆண்டு நவம்பரில் இண்டியானா மாகாணத்து டெரே ஹோட் நகரில் நடந்த தேசியப் பந்தயத்தில், கொலராடோ சர்வகலாசாலை மாணவி ஜென்னி பாரிஞ்சரே வெல்வாரென்று எங்கும் பேச்சாயிருந்தது. அவ்வாண்டிலேயே பெர்லின் நகரத்து உலகப் பந்தயத்தில் 3000 மீட்டர் தடையோட்டத்தை 9 நிமிஷம் 12.50 விநாடியில் ஓடி அமெரிக்கச் சாதனை நிறுவியவர் அவர். அன்றோ, முன்னணியில் ஓடியவர் இடைவழியில் தளர்ந்து, கீழே வீழ்ந்து, பலரும் தம்மைக் கடந்து செல்லக் கடைசியில் 163ஆம் இடத்தில் வந்து சேர்ந்தார். பெரும் வீராங்கனைக்கு இதனினும் பெரிய அவமானம் உண்டோ என்று கண்டோர் எண்ணியிருக்கலாம். ஆயினும், இரண்டே ஆண்டுகளில், 2011இல் கொரியாவின் டேகு நகரில் 1500 மீட்டர் ஓட்டத்தில் அவர் உலக வெற்றி பெற்றார். ஜென்னி சிம்ப்ஸன் என்னும் மணப்பெயரோடு 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கமும் பெற்றார். 163ஆம் இடத்தையே அவருடைய விலையென்று ஒருவர் அன்று மதித்திருப்பாராயின், அம்மதிப்பு எவ்வளவு பிழைபட்டிருக்கும்!

மாணவச் செல்வங்களே! முதலில் அடக்கி ஓடப் பழகுங்கள். வெயிற்காலத்துப் பயிற்சியைச் சிறிது சிறிதாக, இரண்டு வாரமளவில் கூட்டுங்கள். உண்ணாமல் ஓடாதீர்கள். உடம்பு சொல்வதை மறைக்காமல் பயிற்சியாசிரியரிடம் சொல்லுங்கள். பெற்றோர்களே! பந்தயம் முடிந்து பிள்ளை வந்ததும், "எத்தனையாவது வந்தாய்?" என்பதற்கு முன், "உடம்பு எப்படியிருக்கிறது?" என்று கேளுங்கள். ஓட்டப் பந்தயத்திற்கன்றி, பரீட்சைக்கும் உத்தியோகத்திற்கும் வியாபாரத்திற்கும் இது பொருந்துமென்பதை யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இன்று அம்மைதானத்தில் மீண்டும் நிற்கும் பேறு எனக்குக் கிடைக்குமாயின், வீழ்ந்த பெண்ணை நோக்கிக் கூவேன். உதவி செய்யவல்லாரை நோக்கியே கூவுவேன்.