கைக்கு வந்ததே கணக்கு
(திருப்பத்தூரில், விபத்து இழப்பீடு, குடிமை உரிமை வழக்குகள் பற்றிய கருத்தரங்கின் தொடக்க அமர்வில் ஆற்றிய தலைமை உரை)



இந்த ஆண்டில் நம் துறை சாதித்ததைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அமெரிக்காவில் விபத்து வழக்கு நடத்தும் சட்ட நிறுவனங்கள் எத்தனை மில்லியன் டாலர் வாங்கிக் கொடுத்தோம் என்று பட்டியல் போட்டு வெளியிடும். கிடைக்கும் தொகையில் ஒரு பங்கே அங்கு வக்கீல் கட்டணம். நமக்கு இரண்டுமே கிடையாது. விளம்பரம் செய்வதையும், இழப்பீட்டில் பங்கு பேசுவதையும் பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. இரண்டும் நல்ல விதிகள் என்பதே என் கருத்து. ஆனால் இதனால் ஒரு குறை வந்துவிட்டது. ஓர் ஆண்டில் நாம் என்ன வென்றோம் என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. அந்தக் கணக்கை இன்றைக்கு இந்த அவை பார்க்க வேண்டும். தீர்ப்பில் எழுதிய தொகையை விட்டுவிட்டு, மனுதாரர் கைக்கு வந்த தொகையைக் கொண்டு பார்க்க வேண்டும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குப் பாலாறே சாட்சி. தோல் பதனிடும் டேனரிகளின் கழிவு ஆற்றிலும் வயலிலும் கலப்பதை எதிர்த்து, வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும், கேடு வருமுன்னே காக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதியானது நம் மண்ணின் வழக்கில்தான். சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் எந்த மாணவரும் வேலூர் என்ற பெயரைத் தாண்டிப் போக முடியாது.

சரி, பணம்? இழப்பைக் கணிக்க ஓர் ஆணையம் அமைந்தது. 2001-இல் அது 29,193 பேரை அடையாளம் கண்டு, 26.82 கோடி ரூபாய் நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்கள். தலைக்குச் சராசரியாக ஒன்பதாயிரத்துச் சொச்சம்! கிணறும் தென்னையும் போனதற்கு அவ்வளவுதான். அதுவும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, பாக்கி இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் கொடு, மாசு செய்தவர்களிடம் பிறகு வசூலித்துக்கொள் என்று மாநில அரசுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் சொன்னது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் எழுதிய அந்தத் தீர்ப்பை நான் தலைவணங்கி ஏற்கிறேன். ஆனால் அதை நம் சாதனைப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

காரணம் ஒரு மஞ்சப்பை. ஆம்பூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், பல வருடங்களுக்கு முன் அதை என் மேசையில் வைத்தார். உள்ளே பட்டா, அடங்கல், ஆணையத்தின் நோட்டீஸ். கூடவே ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர். “ஒரு வாய் குடிச்சுப் பாருங்க சார்” என்றார். நாக்கில் வைத்தேன், விழுங்க முடியவில்லை. சமீபத்தில் அதே பையோடு அவர் மகன் வந்தார். அப்பா இறந்து நாளாகிவிட்டது. இப்போது வாரிசுச் சான்று வேண்டும். அண்ணன் தம்பிகளுக்குள் பட்டா பிரிந்துவிட்டது. பெயரில் ஓர் எழுத்து ஆவணத்துக்கு ஆவணம் மாறுகிறது. ஒன்பதாயிரம் ரூபாய்க்காகத் தாலுகா ஆபீசுக்கு எத்தனை நடை நடப்பார் அவர்?

இன்னொன்றை இந்த அவை ஆழமாக விவாதிக்க வேண்டும். டேனரிக் கழிவுத் தொட்டியில் மூச்சு முட்டிச் சாகிறவர்கள் பற்றியது அது. தோலில் முடி நீக்கச் சுண்ணாம்போடு சல்பைடு போடுகிறார்கள். அந்தக் கழிவு அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்புகிறது. முதலில் இறங்கியவர் சாய, தூக்கப் போனவரும் சாய்கிறார். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி, கழிவுநீர்க் குழாயில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் என்று 2023 அக்டோபர் 20-இல் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. ஆனால் மனிதக் கழிவு சேரும் தொட்டியைத்தான் அந்தச் சட்டத்தின் விளக்கம் சொல்கிறது. ஆலைத் தொட்டி அதில் வராது என்று எதிர்த்தரப்பு வாதாட இடமிருக்கிறது. வாயுவும் ஒன்று, சாவும் ஒன்று. தொட்டியில் என்ன இருந்தது என்பதைப் பார்த்தா ஓர் உயிருக்கு விலை வைப்பது? இந்த இடைவெளியை அடைக்கும் வாதத்தை யாராவது இளைஞர் இங்கிருந்து எழுதிக்கொண்டு போக வேண்டும் என்பது என் ஆசை. தொட்டியில் இறங்காதவரையும் ஆலைக் கழிவு விடுவதில்லை. 2015 ஜனவரி 31 விடியற்காலை, ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் புதைந்தார்களே, அந்த ஊரும் அன்று நம்மோடு ஒரே வேலூர் மாவட்டத்தில்தான் இருந்தது.

சாலை விபத்து வழக்குகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலை நம் வாசலில் ஓடுகிறது. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். 2022 ஏப்ரல் 1 முதல், மனுப் போட ஆறு மாதம்தான் என்று சட்டம் சொல்கிறது. கட்சிக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வீட்டில் உட்கார்ந்து ஷூ அப்பர் தைக்கும் பெண்கள் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். சம்பளச் சீட்டு இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. அப்படி ஒருவருக்கு லாரி மோதி வலது மணிக்கட்டு முறிந்தது. வருமானத்துக்கு என்ன அத்தாட்சி என்று கேட்டபோது, ஏஜென்ட் ஜோடிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் நாற்பது பக்க நோட்டை நீட்டினார். எண்ணெய்க் கறையும் பசைக் கறையும் படிந்த அந்த நோட்டைத்தான் சான்றாவணமாகக் குறித்தோம். இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமானம் கணிக்க வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்ன பிறகு, இப்படிப்பட்ட நோட்டுகளை நாம் தேடிப் போய் வாங்க வேண்டும்.

ஜூனியர்களுக்கு ஒரு வார்த்தை. தீர்ப்பு வந்ததும் வழக்குக் கட்டை மூடாதீர்கள். நிறைவேற்று மனு, டெபாசிட், காசோலை மனு என்று இன்னும் பாதி வழி இருக்கிறது. அதற்குள் கட்சிக்காரர் செல்போன் எண்ணை மாற்றியிருப்பார், ஊரையே மாற்றியிருப்பார். அவரைத் தேடிப் பிடிப்பதும் நம் வேலைதான்.

வாசலில் ஒரு பதிவேடு வைக்கச் சொல்லியிருக்கிறேன். பாலாற்று இழப்பீட்டுக் கட்டு யார் யார் கையில் இருக்கிறதோ, அவர்கள் கிராமத்தின் பெயர், மனுதாரர் உயிரோடு இருக்கிறாரா, வாரிசுச் சான்று வாங்கியாயிற்றா, பணம் வந்ததா என்ற நான்கையும் மதியச் சாப்பாட்டுக்கு முன் எழுதிவிடுங்கள். திங்கட்கிழமை அந்தப் பட்டியலோடு கலெக்டர் அலுவலகத்துக்குப் போகிறேன். வர முடிந்தவர்கள் கூட வாருங்கள்.