தேய்ந்த கோலும் லேசர் கதிரும்



நான் ஆசிரியனாயிருந்தபோது ஒருநாள் முப்பது மாணவர்களைக் கொண்டு ஒரே மேசையை அளக்கச் செய்தேன். விடைகள் ஏறக்குறைய ஒத்திருந்தன. சராசரி கண்டு மகிழ்ந்தோம். அனைவரும் கையாண்ட மரக்கோலின் முனை தேய்ந்திருந்தது பின்னரே தெரிந்தது. முப்பது முறை அளந்தும் அப்பிழை ஒரு மயிரிழையும் குறையவில்லை.

இவ்வகைப் பிழையை முறையான பிழை என்பர். 1802இல் பரங்கிமலையருகே லாம்டன் என்பார் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டினை எஃகுச் சங்கிலியால் அளந்தார். வெயிலில் எஃகு நீளுமன்றோ? ஆகவே சங்கிலியருகே வெப்பமானிகளை வைத்துக் கணக்கைத் திருத்தினார். பத்து பாகை செல்சியசு வெப்ப வேறுபாட்டைப் புறக்கணித்திருப்பின், அவ்வடிக்கோடு ஒன்றேகால் மீட்டருக்கு மேல் பிசகியிருக்கும்.

இன்று சங்கிலியின் இடத்தில் ஒளி வந்துவிட்டது. லேசர் ஸ்கேனர் என்னும் கருவி அணைக்கட்டின் எதிரே மூன்றுகால் தாங்கியின்மேல் நின்று, நொடிக்கு இலட்சக்கணக்கான புள்ளிகளின் இடத்தைக் குறிக்கவல்லது. ஒளி சென்று மீளும் நேரம் தொலைவைத் தரும். சுழலும் கண்ணாடி கோணத்தைத் தரும். நொடியை இலட்சம் கோடிக் கூறாக்கி, அவற்றுள் ஏழு கூறு பிசகினாலே தொலைவு ஒரு மில்லிமீட்டர் பிசகிவிடும்! சுவர் சாய்வாயிருப்பின் ஒளிப்பொட்டு நீண்டு, ஐயம் மேலும் பெருகும்.

இவ்வையத்தை மதிப்பிடுவது எங்ஙனம்? தொலைவில் 3 மில்லிமீட்டர், கோணத்தில் 10 விகலை ஐயம் எனக் கொள்வோம். எளிமை கருதி ஒரு கோணமே போதும். நூறு மீட்டருக்கப்பால் 10 விகலை ஏறத்தாழ 5 மில்லிமீட்டராகும். மூன்றும் ஐந்தும் எட்டு என்று கூட்டிவிடாதீர்கள். தேர்வுத்தாளில் இப்பிழையைப் பன்முறை திருத்தியிருக்கிறேன். ஒன்றையொன்று சாராத ஐயங்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் காணல் வேண்டும். 9ம் 25ம் 34. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 5.8.

கண்ணாடியின் அச்சு சாய்ந்திருப்பின் இக்கணக்கு அதனைக் காட்டாது. அதுவே நம் தேய்ந்த மரக்கோல். முன்னரே துல்லியமாக அளந்த குறிகளை வேறு வேறு இடங்களிலிருந்து நோக்கி ஒப்பிட்டால் அது வெளிப்படும்.

இனி, சென்ற ஆண்டின் அளவிற்கும் இவ்வாண்டின் அளவிற்கும் இடையே அணையின் ஒரு புள்ளி 4 மில்லிமீட்டர் விலகியிருப்பதாகக் கொள்வோம். கீழே ஊர்கள் இருக்கின்றன. மக்களை எழுப்புவதா, உறங்கவிடுவதா? ஈரளவிலும் 5.8 ஐயம் உண்டாகையால், வேறுபாட்டின் ஐயம் 8க்குச் சற்று மேல். அணை நகர்ந்தது என்றும் கூறலாகாது. நகரவில்லை என்றும் கூறலாகாது. கருவியை 30 மீட்டருக்கு நெருங்கி வைத்து மீண்டும் அளக்கச் சொல்வேன். அங்கே கோணத்தால் வரும் ஐயம் ஒன்றரை மில்லிமீட்டர்தான்.